கல்லுக்கும் ஸனது வேண்டும்

ஒரு செய்தி செவியில் விழுந்த மாத்திரத்தில் அதை மெய்யென்று கொள்வது நம் முன்னோரின் வழக்கமன்று. சொன்னவர் யார், அவர் எவரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்தாமா, ஒருவரையொருவர் நேரில் கண்டதுண்டா என்றெல்லாம் துருவித் துருவி வினவிய பின்னரே ஹதீஸ் கலை வல்ல இமாம்கள் ஓர் அறிவிப்பைக் கையிலெடுத்தனர். செய்தியின் வாசகத்தை ‘மத்ன்’ என்றும், அது நம்மை வந்தடைந்த மாந்தர் தொடரை ‘ஸனது’ என்றும் அவர்கள் பிரித்து வைத்தார்கள். வாசகம் எத்துணை இனிமை வாய்ந்ததாயினும், தொடர் அறுந்திருக்குமாயின் அதன் தகுதி தாழ்ந்ததே.

அந்த உரைகல்லில் இன்று வேறொரு பொருளைத் தேய்த்துப் பார்க்க விழைகின்றோம். பழங்கட்டடங்களை நுண்கருவிகளால் அளந்து, அவற்றின் உருவைக் கணினியில் டிஜிட்டல் உருமாதிரியாகப் பதிந்து வைக்கும் முயற்சி கடந்த கால் நூற்றாண்டில் உலகெங்கும் பரவியிருக்கின்றது. போரில் இடிந்த மினாரா திரையில் மீண்டும் எழுந்து நிற்பதைக் கண்டு மக்கள் வியக்கின்றனர். சிலர் கண்ணீர் உகுக்கின்றனர். வியப்பும் கண்ணீரும் இயல்பானவையே. ஆனால் அவ்வுருமாதிரி என்பது என்ன? ‘இக்கட்டடம் இவ்வாறு இருந்தது’ என்று நமக்குச் சொல்லும் ஓர் அறிவிப்பு அது. அறிவிப்பென்று ஆனபின், ஏனைய அறிவிப்பாளரிடம் கேட்கப்பட்ட கேள்விகளை அதனிடமும் கேட்பதுதானே முறை?

அளவைக் கலையின் வரலாறு

முதலில் இக்கலையின் தன்மையைச் சுருக்கமாகக் காண்போம். 1858ஆம் ஆண்டு ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரப் பேராலயத்தை அளக்க ஏறிய ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்னும் இளங் கட்டடக் கலைஞர், உயரத்திலிருந்து தவறி விழ இருந்து, மயிரிழையில் உயிர் தப்பினார். ‘ஏறி இறங்கி அளப்பதற்கு மாற்றாக, ஒளிப்படங்களிலிருந்தே அளவெடுக்க இயலாதா?’ என்ற எண்ணம் அவருக்கு அப்போது பிறந்தது. ஒரே சுவரை இருவேறு இடங்களிலிருந்து படமெடுத்தால், இரு படங்களிலும் தோன்றும் ஒரே புள்ளியின் இருப்பிடத்தை முக்கோணக் கணக்கால் கண்டறியலாம் என்பதே அதன் அடிப்படை. 1885இல் பெர்லினில் இதற்கென ஓர் அரசு நிலையமே அவர் பொறுப்பில் நிறுவப்பட்டது. அங்கு எடுக்கப்பட்ட கண்ணாடித் தகட்டுப் படங்கள் இன்றும் ஜெர்மனியில் பேணப்படுகின்றன.

அன்று தாளும் பென்சிலும் கொண்டு நாட்கணக்கில் செய்த கணக்கை இன்று கணினி விரைந்து செய்து முடிக்கின்றது. நூற்றுக்கணக்கான ஒளிப்படங்களை ஒன்றோடொன்று பொருத்தி, கட்டடத்தின் முப்பரிமாண உருவை அது எழுப்புகின்றது. மற்றொரு முறை லேசர் ஒளியால் அளப்பது. கருவியிலிருந்து புறப்படும் ஒளிக்கதிர் சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணிக்கப்படும். இவ்வாறு கோடிக்கணக்கான புள்ளிகளின் இருப்பிடம் சில மில்லிமீட்டர் பிழைக்குள் பதிவாகும். இப்புள்ளித்திரளே உருமாதிரிக்கு எலும்புக்கூடு.

இத்தகைய லேசர்க் கருவியை உருவாக்கியவருள் ஒருவரான பென் கஸீரா, ஈராக்கின் மோசுல் நகரில் பிறந்தவர். 2001இல் ஆப்கானிஸ்தானின் பாமியான் சிலைகள் தகர்க்கப்பட்டதைக் கண்டு மனம் நொந்த அவர், உலகின் பழஞ்சின்னங்களை அழிவதற்கு முன் அளந்து வைப்பதற்கென்றே 2003இல் அமெரிக்காவில் ‘சைஆர்க்’ என்னும் அமைப்பை நிறுவினார். ஆகவே, இக்கலையை ஏதோ அந்நியப் பொருளென ஒதுக்குவதற்கு நமக்கு நியாயமில்லை. மோசுலின் மைந்தரொருவர் இதன் முன்னோடியருள் இருக்கின்றார். அந்த மோசுலைப் பற்றியே பின்னர் நிறையச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

நேரில் கண்ட அறிவிப்பு

இக்கலையின் பயனை மறுப்பது நம் நோக்கமன்று. சிரியாவின் ஹலப் நகரை எடுத்துக்கொள்வோம். அலெப்போ என்று மேனாட்டார் அழைப்பது இதனையே. அந்நகர்ப் பெரும் பள்ளிவாசலின் மினாரா, கி.பி. 1090ஐ ஒட்டி ஸல்ஜூக்கியர் ஆட்சியில் எழுந்தது. சதுர வடிவமும், கல்லில் செதுக்கிய எழுத்துப் பட்டைகளும் கொண்டது. நிலநடுக்கங்களையும் படையெடுப்புகளையும் தாங்கி நின்ற அம்மினாரா, உள்நாட்டுப் போரின்போது 2013 ஏப்ரல் 24 அன்று வீழ்ந்தது. வீழ்த்தியவர் எவரென்பதில் இரு தரப்பினரும் ஒருவரையொருவர் பழித்தனர். மினாரா மட்டும் கற்குவியலாய்க் கிடந்தது.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2010இல், இத்தாலியப் பேராசிரியர் கேப்ரியேல் ஃபாஞ்சி சிரியாவுக்குச் சென்றிருந்தார். பெருங்கருவிகள் எவையும் அவரிடம் இல்லை. ஓர் ஒளிப்படக் கருவி இருந்தது. நின்ற இடத்திலிருந்தே சுற்றுப்புறம் முழுவதையும் வளைத்துப் படமெடுக்கும் முறையில் அம்மினாராவை அவர் பதிவு செய்தார். மினாரா வீழ்ந்தபின், அப்படங்களைக் கொண்டே விஸாம் வஹ்பா என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து அதன் அளவுகளை மீட்டெடுத்து 2013இலேயே வெளியிட்டார். அளந்தவர் யார், அளந்த ஆண்டு எது, எந்த முறையில் அளந்தார், முடிவுகள் எங்கே உள்ளன என்னும் நான்குக்கும் இங்கே தெளிவான விடையுண்டு. ஹதீஸ் கலையின் சொல்லால் கூறுவதாயின், இது ‘ஸமாஉ’. அஃதாவது நேரில் கேட்டு அறிவித்தது. இத்தகைய பதிவுக்கு நம் மதிப்பும் நன்றியும் என்றும் உரியன.

அறுந்த தொடரும் இடைச்செருகலும்

ஆயின் எல்லா உருமாதிரியும் இத்தகுதி வாய்ந்தவை அல்ல. சிரியாவின் பால்மைரா நகரில், ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் காலத்து நினைவு வளைவு 2015 அக்டோபரில் தாயிஷ் கூட்டத்தாரால் தகர்க்கப்பட்டது. அடுத்த ஏழு திங்களுக்குள், 2016 ஏப்ரல் 19 அன்று, அவ்வளைவின் பிரதி ஒன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் திறந்து வைக்கப்பட்டது. டிஜிட்டல் தொல்லியல் நிறுவனம் என்னும் அமைப்பு, ஒளிப்படங்களிலிருந்து உருமாதிரி சமைத்து, இத்தாலியில் கணினி வழி இயங்கும் பொறிகளைக் கொண்டு எகிப்தியப் பளிங்கில் அதைச் செதுக்குவித்தது. உயரம் ஏறத்தாழ 6 மீட்டர். மூல வளைவை விடச் சிறியது. பின்னர் அது நியூயார்க், துபாய் முதலிய நகரங்களுக்கும் கொண்டு செல்லப்பட்டது.

கொடியோரின் வெடிமருந்துக்கு நாகரிகம் தந்த பதிலென்று அதைப் பலர் பாராட்டினர். நாமோ வாசகன் என்ற நிலையில் சில வினாக்களை எழுப்புகின்றோம். மூலம் சுண்ணாம்புக்கல், பிரதி பளிங்கு. மூலத்தின் அளவு வேறு. பிரதியின் அளவு வேறு. பதினெட்டு நூற்றாண்டுக் காற்றும் மணலும் தேய்த்த தேய்வு மூலத்துக்கு உண்டு. பொறி செதுக்கிய தளத்துக்கு அந்த அகவை இல்லை. இவ்வேற்றுமைகளை விடவும் பெரிது ஒன்றுண்டு. இன்னின்ன பகுதி ஒளிப்படச் சான்றின் மீது எழுந்தது, இன்னின்ன பகுதி ஊகத்தால் நிரப்பப்பட்டது என்று பிரித்துக் காட்டும் குறி எதுவும் அக்கல்லில் இல்லை. சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவனுக்கு எல்லாம் ஒரே வெண்மையாய்த் தெரிந்தது.

ஹதீஸ் கலையில் ‘முத்ரஜ்’ என்றொரு வகையுண்டு. அறிவிப்பாளர் விளக்கத்துக்காகச் சொன்ன தம் சொல், மூல வாசகத்தோடு கலந்து, பின்வந்தோர் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்படி ஆகிவிடுவதே முத்ரஜ். அதைக் கண்டறிந்து பிரித்தெடுக்க இமாம்கள் தனி நூல்களே இயற்றினர். டிஜிட்டல் உருமாதிரியில் இந்த ஆபத்து நூறு மடங்கு. படத்தில் பதியாத இடத்தைக் கணினி அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு தானே நிரப்பும். உடைந்த தூணை எதிர்ப்புறத்துத் தூணைப் பார்த்து முழுமையாக்குவார் வரைபவர். நிரப்பிய இடமும் அளந்த இடமும் திரையில் ஒரே மெருகோடு ஒளிரும். மனிதன் சொல்லும் பொய்யில் குரல் தடுமாறும். உருமாதிரியின் ஊகத்தில் அந்தத் தடுமாற்றமும் இராது.

இதை அத்துறையினரே உணராமலில்லை. 2006இல் தொடங்கி 2009இல் திருத்தம் பெற்ற ‘லண்டன் சாசனம்’ என்னும் கோட்பாட்டுத் தொகுப்பு, பண்பாட்டுச் சின்னங்களைக் கணினியில் உருவாக்குவோர் சான்று எது, ஊகம் எது, எந்தக் காரணத்தால் இந்த முடிவுக்கு வந்தோம் என்பதையெல்லாம் எழுதி வைத்தல் வேண்டுமென வலியுறுத்துகின்றது. இது ஸனது கேட்பதன்றி வேறென்ன? நம் மதரஸாக்களில் பன்னூறாண்டுகளாகப் பயிலப்பட்டு வரும் நெறி, வேறொரு வாயிலால் வேறொரு மொழியில் அவர்களிடமும் வந்து சேர்ந்திருக்கின்றது. கோட்பாடு ஏட்டில் இருக்கின்றது. கண்காட்சி அரங்குகளில்தான் அது காணக் கிடைப்பது அரிது. 2018 அக்டோபரில் பாரிஸ் நகரின் அரபுலக நிறுவனத்தில் மோசுல், ஹலப், பால்மைரா முதலிய நகரங்கள் பெருந்திரைகளில் காட்டப்பட்டன. பழம்பொருள் ஒன்றேனும் அரங்கில் வைக்கப்படவில்லை. எல்லாம் ஒளியாலான உருக்களே. காண்போர் உள்ளத்தை அது உருக்கியிருக்கும் என்பதில் ஐயமில்லை. உருகிய உள்ளம் ஸனது கேட்பதை மறந்துவிடும் என்பதே நம் கவலை.

மற்றொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பால்மைராவின் தொல்பொருட் காவலராக நாற்பதாண்டுகள் பணியாற்றிய பேரறிஞர் காலித் அல்அஸ்அத், 2015 ஆகஸ்டில் தம் எண்பதாம் அகவை கடந்த நிலையில் தாயிஷ் கூட்டத்தாரால் கொல்லப்பட்டார். அந்நகரின் கற்களையும் கல்வெட்டு மொழியையும் அறிந்த அவரே உயிருள்ள ஸனது. லண்டன் சதுக்கத்தில் வளைவு எழுந்தது. அவர் நெஞ்சிலிருந்த கல்வியை எந்தப் பொறி செதுக்கும்?

மோசுல் தரும் பாடம்

இனி மோசுலுக்கு வருவோம். ஸுல்தான் நூருத்தீன் மஹ்மூத் ஸங்கீ கி.பி. 1172-73இல் எழுப்பிய பெரும் பள்ளிவாசல் அங்குள்ளது. அதன் செங்கல் மினாரா ஏறத்தாழ 45 மீட்டர் உயரம் கொண்டது. ஏழு பட்டைகளாகச் செங்கல்லையே பின்னி அழகு செய்யப்பட்டது. காலப்போக்கில் அது ஒருபுறம் சாய்ந்தது. மக்கள் அதனை ‘அல்ஹத்பா’, அஃதாவது கூனி, என்று செல்லமாய் அழைத்தனர். நகருக்கே அப்பெயர் வழங்கலாயிற்று. 2017 சூன் 21 அன்று தாயிஷ் கூட்டத்தார் பள்ளியையும் மினாராவையும் வெடிவைத்துத் தகர்த்தனர். 2018இல் யுனெஸ்கோவும் ஐக்கிய அரபு அமீரகமும் ஈராக் அரசோடு சேர்ந்து மீள்கட்டுமானத்தைத் தொடங்கின. வெடிபொருட்களை அகற்றி, இடிபாடுகளைச் சலித்து, பயன்படத்தக்க பழைய செங்கற்களைப் பிரித்தெடுத்து, பழம்படங்களையும் புதிய அளவைகளையும் ஒப்புநோக்கிப் பணி நடந்தது. 2025 செப்டம்பரில் பள்ளியும் மினாராவும் மீண்டும் திறக்கப்பட்டன.

இந்தப் பள்ளி நமக்கு மத்னைப் பற்றிய பாடமொன்றைத் தருகின்றது. 2017இல் தகர்ந்த தொழுகைக் கூடம் நூருத்தீன் காலத்தது அன்று. 1940களில் பழைய கூடம் பிரிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. தகர்ப்புக்கு முந்திய நாள் எவரேனும் லேசர்க் கருவியோடு அங்கு நின்றிருந்தால், கருவி மில்லிமீட்டர் பிசகாமல் அளந்திருக்கும். அளந்த பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டுச் சுவராகவே இருந்திருக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கூடத்தின் தடம் எங்கே இருந்தது? தரைக்கடியில். இடிபாடுகளை அகற்றியபின் நடந்த அகழாய்வில், கூடத்தின் கீழே நான்கு அறைகள் வெளிப்பட்டன. ஒளூச் செய்யும் இடமாக அவை இருந்திருக்கலாமென ஆய்வாளர் கருதினர். 2022 சனவரியில் இச்செய்தி அறிவிக்கப்பட்டது. ஒளிக்கதிர் மேற்றோலைத் தொட்டுத் திரும்பும். தோலுக்கடியில் இருப்பதை அது அறியாது.

சாய்வைப் பற்றியும் ஒரு வினா எழுகின்றது. அல்ஹத்பாவின் சாய்வு ஒரே நாளில் நேர்ந்ததன்று. நூற்றாண்டுகளாகக் கூடிக்கொண்டே வந்தது. அதை நூருத்தீனின் கொத்தனார் கட்டவில்லை. வெயிலும் காற்றும் மண்ணும் கட்டின. மக்களோ அந்தச் சாய்வையே நேசித்தனர். எந்த ஆண்டின் அளவை மெய்யென்று கொள்வது? கட்டிய நாளின் நேர்மையையா, வீழ்ந்த நாளின் கூனையா? கருவிக்கு இதற்கு விடை தெரியாது. தான் நின்ற அந்த ஒரு நாளின் உருவை மட்டுமே அது அறிவிக்கும். நாளைக் குறிக்காமல் ‘இதுவே அல்ஹத்பா’ என்று காட்டும் எந்த உருமாதிரியும் எண்ணூறாண்டை ஒரு நாளுக்குள் அடைத்து விடுகின்றது.

ரிவாயத்தும் திராயத்தும்

ஹதீஸ் கலையை நம் உலமாக்கள் இரண்டாகப் பகுப்பர். வாசகத்தைப் பிறழாமல் பெற்றுப் பிறழாமல் ஒப்படைப்பது ரிவாயத். அதன் தகுதியையும் பொருளையும் ஆய்ந்து விளங்குவது திராயத். கட்டடத்துக்கும் இவ்விரண்டும் உண்டு என்பது நம் துணிபு. அளவுகளின் தொகுதி ரிவாயத். கல்லை ஏன் இவ்வாறு அடுக்கினான், மரத்தை எவ்வாறு பூட்டினான் என்னும் கைவினை அறிவு திராயத்.

மோசுல் பள்ளியைக் கட்டிய அதே நூருத்தீன், அதற்குச் சில ஆண்டுகள் முன், ஹிஜ்ரி 564இல், ஹலப் நகரின் தச்சர்களைக் கொண்டு ஒரு மிம்பர் செய்வித்தார். பைத்துல் முகத்தஸ் மீட்கப்படும் நாளில் அல்அக்ஸாவில் அதை வைக்க வேண்டுமென்பது அவர் அவா. அந்நாளைக் காணாமலே 1174இல் அவர் மறைந்தார். 1187இல் நகரை மீட்ட ஸலாஹுத்தீன் ஐயூபி அம்மிம்பரை ஹலபிலிருந்து வரவழைத்து அல்அக்ஸாவில் நிறுவினார். எண்ணற்ற சிறு மரத்துண்டுகளை ஆணியும் பசையுமின்றி ஒன்றினுள் ஒன்று பூட்டிய அற்புத வேலைப்பாடு அது. 1969 ஆகஸ்ட் 21 அன்று ஒரு கொடியவன் வைத்த தீயில் அது எரிந்தது. சில துண்டுகளே எஞ்சின.

அதை மீண்டும் செய்ய முனைந்தபோது லேசர்ப் பதிவேதும் இல்லை. பழம்படங்களும் கருகிய துண்டுகளுமே இருந்தன. படத்தைப் பார்த்து மேற்கோலத்தை வரைந்துவிடலாம். துண்டுகள் உள்ளே எவ்வாறு பூட்டிக் கொண்டன, நட்சத்திரக் கோலத்தின் கணக்கு எந்த வட்டத்திலிருந்து பிறந்தது என்பவற்றைப் படம் சொல்லாது. வடிவியலை முதலிலிருந்து ஆய்ந்து, மறைந்துபோன அக்கைவினையை மீட்டு, பல நாட்டுத் தச்சர்களைப் பயிற்றி, ஜோர்டான் நாட்டின் பல்கா பல்கலைக்கழகத்தில் அப்பணி முடிக்கப்பட்டது. 2007இல் புதிய மிம்பர் அல்அக்ஸாவில் அமர்ந்தது. ரிவாயத் குறைந்திருந்தது, திராயத் அதை ஈடு செய்தது. இதன் மறுதலை நிகழுமா? திராயத் அற்றுப்போன இடத்தில் ரிவாயத் மட்டும் ஒரு மிம்பரைச் செய்து தருமா? தராது என்பதே நம் கருத்து.

அண்மைச் சான்று பாரிஸ் நகரின் நோத்ர தாம் பேராலயம். ஆன்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றறிஞர் 2010இல் அதை லேசரால் அளந்தார். நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் பதிவாயின. 2018இல் அவர் மறைந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று பேராலயத்தின் கூரை எரிந்தது. அவருடைய பதிவே பேராலயத்தைக் காப்பாற்றியதென்று உலகச் செய்தித்தாள்கள் புகழ்ந்தன. அதன் பயன் பெரிதே. ஆனால் எரிந்து சாம்பலான ஓக் மரக் கூரைச் சட்டத்தை 2014இல் ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் திராந்தசோ என்னும் இரு கட்டடக் கலைஞர்கள் உத்தரம் உத்தரமாக அளந்து வரைந்து வைத்திருந்தனர் என்பதைச் சொன்னோர் சிலரே. மீட்டுக் கட்டிய தச்சர்களும் பழைய முறைப்படியே கோடரிகொண்டு மரத்தைச் செதுக்கினர். 2024 டிசம்பரில் பேராலயம் திறந்தது. கருவியின் அளவும் கையின் அறிவும் அங்கு உடன்பிறந்தாராய் நின்றன. மோசுலிலும் உள்ளூர் இளைஞர்க்குக் கல் வேலை, சுண்ண வேலை முதலியன கற்பிக்கப்பட்டன என்பது மனத்துக்கு இதமான செய்தி.

அமானிதம் யார் கையில்?

பதிவு செய்தாயிற்று, அப்பதிவு எங்கே, யார் பொறுப்பில் இருக்கின்றது? ஹலபின் உருவம் இத்தாலியில், மோசுலின் உருவம் பாரிஸில், வேறு பலவற்றின் உருவம் கலிஃபோர்னியாவில் என்றிருப்பது இன்றைய நிலை. பேணுவோரை நாம் குறை கூறவில்லை. பொருளுக்கு உரியவர் கையில் ஒரு படியேனும் இருத்தல் வேண்டும் என்பதே அமானிதத்தின் நெறி என்கின்றோம்.

பேணும் முறையும் எளிதன்று. இங்கிலாந்தில் 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலப் பதிவேட்டின் 900ஆம் ஆண்டை முன்னிட்டு, 1986இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டின் புதிய பதிவொன்றை லேசர்த் தட்டுகளில் தொகுத்தது. பதினைந்தாண்டு செல்வதற்குள் அத்தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அருகிப்போய், ஆய்வாளர்கள் அரும்பாடுபட்டு அதை மீட்க வேண்டியதாயிற்று. 1086இன் தோலேடோ இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. கணினிக் கோப்பும் மனப்பாடம் போன்றதே. தலைமுறைதோறும் ஒருவர் மற்றொருவருக்கு ஓதிக் காட்டாவிடில் மறைந்துவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. மம்லூக்கியர் காலத்து வக்ஃப் பத்திரங்கள் கட்டடத்தை வாயிலிலிருந்து தொடங்கி அறை அறையாக வருணிக்கின்றன. அதனோடு நில்லாமல், இமாமுக்கு என்ன ஊதியம், முஅத்தினுக்கு என்ன, விளக்கெண்ணெய்க்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவருக்கு எவ்வளவு என்பதையும் வகுத்துரைக்கின்றன. கட்டடம் எதற்காக நின்றது என்பதை அவற்றைப் படித்தால் அறியலாம். ஆளரவமற்ற வெறும் சுவர்களாய்ச் சுழலும் உருமாதிரியில் அந்த ‘எதற்காக’ என்பது இல்லை. அளப்போர், அங்கு ஓதியவரையும் தொழுதவரையும் கூட்டிப் பெருக்கியவரையும் கேட்டெழுதிச் சேர்த்தாலன்றிப் பதிவு நிறைவுறாது.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

‘குண்டு விழும் ஊரில் நின்றுகொண்டு ஸனது கேட்பதா? கிடைத்ததைக் காப்பாற்றுவதே பெரிதன்றோ?’ என்று அன்பர் சிலர் வினவக் கூடும். நியாயமான வினா. இதற்கும் நம் இமாம்களிடமே விடையுண்டு. பலவீனமான அறிவிப்புகள் அனைத்தையும் அவர்கள் தூக்கியெறிந்து விடவில்லை. பலவற்றை எழுதி வைத்தனர். இது பலவீனமானது, இன்னவரால் பலவீனமானது என்று அருகிலேயே குறித்தும் வைத்தனர். பயணிகள் எடுத்த நாள் தெரியாத படங்களிலிருந்து எழுந்த உருமாதிரியையும் அவ்வாறே காப்போம். ஆனால் அதன் நெற்றியில் அதன் தரத்தை எழுதுவோம். அளந்த பகுதி ஒரு நிறத்திலும் ஊகித்த பகுதி வேறொரு நிறத்திலும் இருக்கட்டும். அளந்தவர் பெயர், நாள், கருவி, விடுபட்ட இடங்கள் ஆகியவை உருவோடு பிரியாமல் ஒட்டியிருக்கட்டும். அழகு சற்றுக் குறையும், நம்பகம் கூடும்.

நம் கரையோரங்களுக்கும் இச்சிந்தனை பொருந்தும். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் பழம் பள்ளிவாசல்கள், கல் தூண்களும் தட்டையான கல் கூரையும் கொண்டு தமிழகத் தச்சு மரபில் எழுந்தவை. மெஹர்தாத் ஷொகூஹி என்னும் அறிஞர் தென்னாட்டு முஸ்லிம் கட்டடக் கலை பற்றி 2003இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இவற்றுட் பலவற்றை அளந்து வரைபடமாக்கித் தந்திருக்கின்றார். வெடிமருந்துதான் ஒரு பள்ளியை அழிக்கும் என்பதில்லை; இடம் போதவில்லை என்னும் நல்லெண்ணமும் அழிக்கும். தொழுவோர் பெருகும்போது பள்ளி விரிவடைய வேண்டியதே. தூணொன்றைப் பெயர்ப்பதற்கு முன் அதை அளப்பதற்கும், படமெடுப்பதற்கும், அதைப் பற்றி ஊர் முதியோர் சொல்வதைப் பெயரோடும் நாளோடும் எழுதி வைப்பதற்கும் ஒரு வாரம் போதும். ஃபாஞ்சி கையில் இருந்தது ஓர் ஒளிப்படக் கருவியே. இன்று நம் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி வடிவில் ஒன்று இருக்கின்றது. எடுத்த படத்தின் கீழ் எடுத்தவர் பெயரையும் நாளையும் எழுதும் பழக்கத்தை மட்டும் நாம் அவர்களுக்குக் கற்பித்தாக வேண்டும்.